திங்கட்கிழமைச் சுவர்

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சுவர் நகர்ந்து முடித்தபோது தாரணியின் ஃபிரிட்ஜ் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பால் பாக்கெட்டை எடுக்க முடிந்தது. அதற்குப் பின்னால் இருந்த மாவுப் பாத்திரத்தை எடுக்க முடியவில்லை. கதவை இழுத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜையே கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள், ப்ளக் எட்டவில்லை. கடைசியில் கையை மட்டும் உள்ளே விட்டுப் பாத்திரத்தைச் சாய்த்து வெளியே எடுத்தாள். பாதி மாவு தரையில் கொட்டியது.

"இடப்பகிர்வு நிறைவடைந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது கூரையிலிருந்து ஒரு பெண் குரல், வானொலியில் செய்தி வாசிப்பவர்களின் நிதானத்தோடு.

தாரணி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டினால் "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று அதே குரல் சொல்லும். அதைக் கேட்டால் எரிச்சல் இரண்டு மடங்காகும். துணியை நனைத்துக்கொண்டு வந்து தரையைத் துடைத்தாள். துடைக்கும்போது பின்னால் நகர்ந்தவள் சுவரில் இடித்துக்கொண்டாள். போன வாரம் அங்கே சுவர் இல்லை.

தாரணி, பிருந்தா, ஜெசிந்தா மூவரும் கோயம்புத்தூரில் ஒரே மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவர்கள். ஒரே வருடம் சேர்ந்து ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள். பிருந்தாவின் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், ஒரே மகன் பிரசன்னா. அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது பிருந்தாவின் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவள் தாரணி. ஜெசிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாரணிக்கும் மனோகரனுக்கும் குழந்தை இல்லை. வயதான காலத்தில் தனித்தனியாக எங்கேயோ கிடப்பதைவிடப் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம் என்று சூலூர்ப் பக்கம் இடம் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு கம்பெனி இந்த மாதிரி வீட்டை விற்றுக்கொண்டிருந்தது.

ஒரே கட்டடம், வரிசையாக மூன்று வீடுகள். நடுவில் பிருந்தா, ஒரு கோடியில் ஜெசிந்தா, மறு கோடியில் தாரணி. வீடுகளுக்கு இடையே இருப்பது செங்கல் சுவர் அல்ல. மேலே தண்டவாளம், கீழே பள்ளம், நடுவில் கனமான பலகைச் சுவர். வயரும் குழாயும் அதற்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். குளியலறையும் அடுப்பு மேடையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றபடி யாருக்கு இடம் அதிகம் தேவையோ அவர்கள் பக்கம் வீடு பெரிதாகும், தேவையில்லாதவர்கள் பக்கம் சுருங்கும். எல்லாவற்றையும் தரைக்கு அடியில் உள்ள கருவி பார்த்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தேவையிருந்தால் சுவர் நகரும். அந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் 'பங்காளி'. பெயரைக் கேட்டதும் மனோகரன் விழுந்து விழுந்து சிரித்தார். பங்காளி என்று பெயரையும் வைத்துவிட்டுச் சண்டையே வராது என்கிறானே, இவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார்.

ஆனால் முதல் எட்டு வருடம் சண்டை வரவில்லை. பிரசன்னாவின் மனைவி ஹேமாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது சுவர் தாரணியின் பக்கம் எட்டடி வந்தது. மனோகரன்தான் முன்னால் நின்று மேசையை இழுத்துப் போட்டு இடம் கொடுத்தார். மறுவருடம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, அவருடைய தங்கைகள் இருவரும் வந்து மூன்று மாதம் தங்கியபோது சுவர் தானாகவே திரும்பப் போனது. போகும், வரும். யாரும் யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை, கொடுத்தேன் என்று சொல்லிக் காட்ட வேண்டியதும் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தாரணி இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதாவது வருடம் மனோகரன் இறந்துபோனார். காலையில் தன் அறையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராகப் போவார். அன்று ஞாயிற்றுக்கிழமை. சுவரில் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வதுதான் பாக்கி.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு தாரணி அந்த அறையின் கதவைச் சாத்தினாள். எத்தனையோ பேருடைய கண்ணை மூடிவிட்டவள்தான். வார்டில் அதற்குப் பேர் போனவள். ஆனாலும் அந்த அறைக்குள் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். இன்று போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஏழு வாரம் போனது.

எட்டாவது திங்கட்கிழமை உள்ளே ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். புத்தக அலமாரி கவிழ்ந்து கிடந்தது. சுவர் ஐந்தடி உள்ளே வந்திருந்தது. ஆணியும் அதில் தொங்கிய கோட்டும் சுவரோடு சேர்ந்தே வந்து, கோட்டின் ஒரு கை கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாரணி வாசலிலேயே நின்றாள்.

"இந்த ரூமு எனக்கு வேணும்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த அறையில் நாற்பத்தொன்பது நாட்களாகப் பயன்பாடு பதிவாகவில்லை" என்றது குரல்.

அவளுக்கு அதனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. வெளியிலிருந்தே கையை நீட்டி ஃபேன் சுவிட்சையும் லைட் சுவிட்சையும் போட்டுவைத்தாள். ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று. அடுத்த வாரம் சுவர் இன்னும் ஓரடி வந்தது. பழைய டிவியை வாசற்படியிலிருந்தே உள்ளே தள்ளி நாள் முழுக்க ஓடவிட்டாள். ஆளை வைத்து அரிசி மூட்டையையும் தையல் மிஷினையும் உள்ளே தள்ளினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. அந்த அறையோடு நிற்காமல் சமையல்கட்டுப் பக்கமும் வந்து ஃபிரிட்ஜ் கதவை மறித்தது. ஒற்றை ஆளுக்கு இவ்வளவு போதும் என்று எங்கேயோ ஒரு கணக்கு அவளைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தாள். ஏழு முறை செய்த பிறகு முபாரக் என்று ஓர் இளம் இன்ஜினியர் வந்தான். செருப்பை வெளியே விட்டு, கொடுத்த காபியைக் குடித்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கையிலிருந்த திரையில் தரையின் படத்தைப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுதுங்கம்மா" என்றான்.

"சரியா வேலை செஞ்சா எப்படி என்ற ரூமு போகும்? தேவைக்குத் தக்கபடின்னு சொல்லித்தான வித்தீங்க?"

"தேவைய எங்கீங்கம்மா அளக்கறது? கால் பதியறதத்தான் அளக்க முடியும். எத்தன பேரு, எத்தன தடவ, எங்க நடக்கறாங்கன்னு அது எண்ணும். அவ்வளவுதாங்க."

"அப்பறம் எதுக்குங்க தேவைன்னு பேரு?"

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "அது விளம்பரத்துக்குங்கம்மா."

தாரணிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான். நடந்தாலே போதுமா என்று கேட்டாள். போதும், ஆனால் நான் சொன்னதாக வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றான். ஒரேயடியாக நிறுத்த வழியில்லையா என்றதற்கு, இருக்கிறது, மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அன்று சுவர் எங்கே நிற்கிறதோ அங்கேயே போல்ட் அடித்துவிடுவோம் என்றான். மோட்டாரைக் கம்பெனி கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு நினைத்தாலும் நகர்த்த முடியாது.

"பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்த முடியாதா?"

"அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க தனியா சம்மதம் எழுதிக் கொடுக்கோணுங்க. இடம் அவங்க கையில இருக்குதுல்லீங்களா?"

அவன் போன பிறகு தாரணி அந்த அறைக்குள் போனாள். இத்தனை வாரமாக முடியாதது, கோபத்தில் முடிந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த இடத்தில் நடக்க ஆரம்பித்தாள். நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். முதல் நாள் அழுதுகொண்டே நடந்தாள். இரண்டாம் நாள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் தன்னை நினைத்தே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. புருஷன் செத்த அறையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அவரை நினைக்க முடிகிறதா? உட்கார்ந்தால் கணக்கில் வராது.

அந்தப் பக்கம் இரட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓட ஆரம்பிப்பார்கள். தடதடவென்று சுவருக்குப் பக்கத்திலேயே கேட்கும். நான்கு சின்னக் கால்கள். அவற்றோடு இவளுடைய முழங்கால் எப்படிப் போட்டி போடும்? அடுத்த திங்கட்கிழமை சுவர் நகரவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அரையடி வந்தது.

பிருந்தாவிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. முன்பெல்லாம் பிருந்தாவின் வீட்டுக்குள் போகும்போது தாரணி கதவைத் தட்டியதில்லை. அன்று தட்டினாள். வீடு பெரிதாக இருந்தது. பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு படிக்கும் அறை வந்திருந்தது. அதன் மூலையில் ஊஞ்சல்கூடத் தொங்கியது. பிருந்தா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முபாரக் கொடுத்திருந்த கையெழுத்துப் படிவத்தைத் தொடவில்லை.

நடந்ததைத் தாரணி பிறகு பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். குரலை உயர்த்தவில்லை, இருவருமே. பிருந்தா சொன்னதில் நியாயமும் இருந்தது. பிரசன்னாவை ஓசூருக்கு மாற்றலாகி வரச்சொல்லி வேலையிடத்தில் கேட்கிறார்கள். ஹேமாவுக்குப் போக ஆசை. வீடு தாராளமாக இருப்பதால்தான் பிருந்தா அவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் வளர்கிறார்கள், இன்னும் இரண்டு வருடத்தில் ஆளுக்கொரு அறை கேட்பார்கள். இப்போது போல்ட் அடித்துவிட்டால் அப்போது எங்கே போவது?

"இடம் பத்தலைன்னா அவ ஒரு நாள் இருக்கமாட்டா தாரணி. எம்பையனும் பேத்திகளும் போயிருவாங்க. நான் அந்த ஒருத்தன வெச்சுக்கிட்டு எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அவனுக்கு அம்மை எறங்கி மூணாம் நாள் தண்ணி ஊத்துனதே நாந்தான்."

பிருந்தா சட்டென்று துணியை வைத்தாள். "அத இப்ப எதுக்குச் சொல்ற?"

எதற்குச் சொன்னோம் என்று தாரணிக்கும் தெரியவில்லை. சொல்லிக் காட்டிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அது முதல் முறை. படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் ஒருத்தி செருப்பைத் தேடுவாள், இன்னொருத்தி சாவியைத் தேடுவாள்.

ஜெசிந்தா இரண்டு வீட்டுக்கும் நடந்து சமாதானம் பேசினாள். இருவருக்கும் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சமாதானம் பேசிவிட்டுப் போன ஒரு மாலையில்தான் தாரணிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிருந்தாவின் வீட்டுக்கு இரண்டு பக்கமும் நகரும் சுவர். ஆனால் ஒன்பது வருடத்தில் ஜெசிந்தாவின் பக்கத்துச் சுவர் ஒரே ஒருமுறைகூட நகர்ந்ததில்லை. ஜெசிந்தாவும் ஒற்றை ஆள்தான். அவளுக்கும் மூன்று அறைகள். அவற்றில் இரண்டில் கட்டில்கூடக் கிடையாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ஜெசிந்தா ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு காலி அறையில் நடந்துகொண்டிருந்தாள். சுவரோரமாக ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, பிறகு அடுத்த அறை. ஒரு மூலையையும் விடவில்லை. வார்டில் ரவுண்ட்ஸ் போகிறவளின் ஒழுங்கு அதில் இருந்தது. தாரணி நிற்பதைப் பார்த்தும் மணியை முடித்துவிட்டுத்தான் நின்றாள்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் தாரணி.

ஜெசிந்தா மறைக்கவில்லை. வந்த முதல் வருடத்திலிருந்து என்றாள். குடிவந்த நான்காம் மாதம் ஓர் ஓரத்து அறையை அது எடுக்கப் பார்த்தது. தற்செயலாக அந்த வாரம் உள்ளே நடந்து ஜெபம் சொன்னாள், அது விட்டுவிட்டது. அப்போதே புரிந்துபோனது. அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நடப்ப. பிருந்தா நடப்பா. மூணு பேரும் நடந்தா சுவரு எங்க போகும்? எவ அதிகமா நடக்கறாளோ அவளுக்குன்னு ஆகும். அதான் சொல்லல."

"மனோகரன் ரூமுல சுவரு வந்து நின்னப்பக்கூடவா?"

ஜெசிந்தா மாலையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அப்பச் சொல்லியிருக்கணும். ஆனா நீ நடந்தா அது இந்தப் பக்கம் வரும். எனக்கு வேற என்ன இருக்கு தாரணி? வாழ்க்கை பூரா ஹாஸ்டல் ரூமு, குவார்ட்டர்ஸ் ரூமு. இது மட்டும்தான் என்னோடதுன்னு..."

தாரணிக்கு அங்கேயே எதையாவது போட்டு உடைக்கலாம் போல இருந்தது. உடைக்க அந்தக் காலி அறையில் ஒன்றும் இல்லை. பிருந்தாவின்மேல் இருந்த கோபத்தில் பாதிக்கு மேல் இவளுக்குச் சேர வேண்டியது. பிருந்தாவாவது கேட்டதற்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்றாள். படிவத்தை நீட்டினாள். ஜெசிந்தா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை ஒன்பதே முக்கால் மணிக்கு அறிவிப்பு வந்தது. "இடப்பகிர்வு இன்னும் பதினைந்து நிமிடத்தில் தொடங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள்." தாரணி சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு மனோகரனின் அறைக்குப் போனாள். கட்டிலை ஏற்கனவே ஹாலில் சாய்த்து வைத்தாகிவிட்டது. அறை இப்போது ஐந்தடி அகலம்தான். நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குச் சுவர் லேசாக அதிர்ந்து நின்றது. ஆள்மேல் பட்டால் அது நகராது, அப்படித்தான் செய்திருந்தார்கள். "தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்றது குரல். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அதிர்ந்தது. "தயவுசெய்து விலகி நில்லுங்கள்." மறுபடி பத்து நிமிடம். அறிவிப்பு சுவரின் இரண்டு பக்கமும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக உட்காரவில்லை. எழுந்து விலகித் திரும்ப நடந்து திரும்ப இழக்க அவளுக்கு இனி உடம்பு இல்லை, அவ்வளவுதான்.

பதினொரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. இடுப்பு வலித்தது. ஒன்றுக்கு வந்தது, அடக்கிக்கொண்டாள். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் மனோகரனை நினைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் ஒரு முறை தப்பாக அவுட் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், நாலாம் நாள் அந்தப் பையன் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பையனுக்கு எதற்கு என்றே புரியவில்லையாம். இறந்து நான்கு மாதம் கழித்து அன்றுதான் அவரைக் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல நினைக்க முடிந்தது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குரல் குறுக்கே வந்தாலும்.

ஒன்றே கால் மணிக்கு வாசல் கதவை யாரோ தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பிருந்தா. தலை கலைந்திருந்தது, கையில் கரண்டி இருந்தது. அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். சின்னதாகிவிட்ட அறையையும் கோட்டையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தாள். இந்த அறைக்குள் அவள் நான்கு மாதமாக வரவில்லை.

"இருபது தடவ கத்திருச்சு அந்தச் சனியன்" என்றாள். "எங்க வெச்சிருக்கற அந்தப் பேப்பர?"

"மேசை மேல."

பிருந்தா கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "பழைய எடத்துக்கெல்லாம் நான் எழுதித் தரமாட்டேன். இப்ப இருக்கற எடத்துல நிக்கட்டும்."

"நிக்கட்டும்."

"எந்திரிச்சுப் பாத்ரூமுக்குப் போ. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீ வர்ற வரைக்கும் நான் வேணா உக்காந்துக்கறேன்."

தாரணி எழுந்தாள். பிருந்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். தாரணி திரும்பி வரும்போது குரல் பிருந்தாவிடம் விலகி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

படிவத்தை அனுப்பியதும் குரல் அடங்கியது. இரண்டு நாளில் முபாரக் ஆட்களோடு வந்து போல்ட் அடித்தான். மோட்டார்களையும் தரைக்கு அடியில் இருந்த கருவிகளையும் வண்டியில் ஏற்றினார்கள். இனி திங்கட்கிழமை என்பது வெறும் திங்கட்கிழமை. ஜெசிந்தாவுக்குப் பழையபடியே மூன்று அறை. தாரணிக்கு ஒரு ஹால், சமையல்கட்டு, ஐந்தடி அறை. மற்றதெல்லாம் பிருந்தாவுக்கு. தாரணி ஃபிரிட்ஜை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, பிரசன்னாவுக்கு ஓசூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கூடவே ஹேமாவுக்கும் அங்கே நல்ல வேலை கிடைத்தது. வீடு பெரிதா சிறிதா என்று அவர்கள் யாரும் பேசவே இல்லை என்று ஜெசிந்தா வந்து சொன்னாள். லாரி வந்தது. ஊஞ்சலையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தாரணியிடம் வந்து கையசைத்துவிட்டுப் போனார்கள். பிருந்தா வாசலில் சிரித்த முகமாக நின்று அனுப்பிவைத்தாள். நர்ஸுக்கே உரிய சிரிப்பு அது, தாரணிக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் தனக்கு ஒரு திருப்தி வரும் என்று தாரணி எதிர்பார்த்திருந்தாள். இரண்டு மூன்று நாள் வரவும் செய்தது. பிறகு அதுவும் ஓர் எரிச்சலாகிப் போனது. சாப்பிட்டாளா, படுத்திருக்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கக் குழாய்ச் சத்தம்கூட வராததால் போய்ப் பார்த்தாள். பிருந்தா முன்ஹாலில் ஒரே ஓர் ஓரத்தில் கட்டிலையும் டிவியையும் மின்னடுப்பையும் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே இருந்தாள். உள்ளே வரிசையாக அறைகள் திறந்து கிடந்தன.

"கூட்டிப் பெருக்கவே ஒரு நாள் ஆகுது" என்றாள் பிருந்தா. "ஒரு ரூமு எடுத்துக்கறயா? உன்னோடதுதான அது."

"எப்படி எடுத்துக்கறது? போல்ட் அடிச்சாச்சு. மோட்டாரும் போயிருச்சு."

"நீதான அடிக்கச் சொன்ன?"

"நீதான பழைய எடம் தரமாட்டேன்னு சொன்ன?"

இருவரும் கொஞ்ச நேரம் அதையே மாற்றி மாற்றிப் பேசினார்கள். நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். அம்மை விஷயமும் வந்தது, தாரணி அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் ஜெபமாலை விஷயம் பிருந்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் ஜெசிந்தாவைத் திட்ட ஆரம்பித்து, திட்டத் திட்டக் கொஞ்சம் தெளிந்தாள். சுவரை நகர்த்த முடியாவிட்டால் என்ன, அதில் ஒரு கதவு வைக்க முடியாதா என்று முதலில் கேட்டது யார் என்பதில் இன்றுவரை இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை.

அந்த வாரமே கதவு வேலை செய்கிற ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். ராமசாமி என்று பெயர். மனோகரனின் அறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, வயர் போகாத இடத்தில் கோடு போட்டு, மாலைக்குள் பலகையை அறுத்துக் கதவைப் பொருத்திவிட்டார். கடைசியில் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று கேட்டார்.

"எம்பக்கம்" என்றாள் தாரணி.

"எம்பக்கம்" என்றாள் பிருந்தா அதே நேரத்தில்.

ராமசாமி இருவரையும் பார்த்தார். கதவு வேண்டும் என்று கூப்பிட்டவர்களே இவர்கள்தானே என்கிற குழப்பம் அவர் முகத்தில் தெரிந்தது. இவள் நினைத்த நேரத்தில் வந்து நிற்பாள், என் தூக்கம் போகும் என்றாள் பிருந்தா. இவள் வீட்டு டிவி சத்தம் எனக்கு வேண்டாம் என்றாள் தாரணி. எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் சூலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார் அவர்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு போட்டிருங்க" என்றாள் தாரணி.

இன்னொரு தாழ்ப்பாள் வாங்க ராமசாமி முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டு வந்தார்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். தாரணி அந்த அறையில் நாற்காலியைப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. தாரணி கையிலிருந்த கீரைக்கட்டை முடித்தாள். இன்னொரு கட்டைப் பிரித்தாள். அதிலும் பாதி ஆய்ந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தன் பக்கத்துத் தாழ்ப்பாளையும் விலக்கினாள்.